ஒரு சாக்லேட் குறைந்த டப்பா

பெங்களூரில் வேலை செய்யும் என் மகள் போன வாரம் ஒரு பரிசுப் பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே காபி வடிக்க ஒரு கண்ணாடிக் குடுவை, பொடியை நிறுக்க ஒரு குட்டித் தராசு, கையால் செய்த சாக்லேட் இரண்டு. தராசைப் பார்த்ததும் என் மனைவி, "பொடிய அப்புறம் நிறுக்கலாம், மொதல்ல நீ ஏறி நில்லு" என்றாள். என் தொப்பைக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான். சாக்லேட் உறையில் அதைச் செய்த பெண்ணின் பெயரும் சிரித்த முகமும் அச்சாகியிருந்தன. யார் கை பட்டது என்று சொல்லித்தான் இப்போதெல்லாம் விற்கிறார்களாம். அதைப் படித்ததும் நாற்பது வருடத்துக் கோபம் ஒன்று பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. சித்தூர் மாவட்டத்தில், புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில், தெலுங்கு கலந்து பேசும் ஊர் எங்களுடையது. தாத்தா காலம் வரைக்கும் பெரிய வீட்டுக்காரர் நிலத்தில்தான் எங்களுக்குக் கூலி வேலை. நைனா படித்து வாத்தியாராகி, எங்கள் தெருவின் முதல் மெத்தை வீட்டைக் கட்டினார். பெரிய வீட்டுக்காரரும் நைனாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே வயது. ஆனாலும் நைனா அவரை அண்ணா என்பார். அவர் நைனாவை டேய் என்பார். ஒருநாள் அவர் ரோட்டில் வண்டியை நிறுத்தி, "இல்லு கட்டிட்டியாமேடா, ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்ம வீட்ல ஒக்காந்து ஒரு வாய் காபி குடிச்சார்னா போதும்" என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார்.

"ஆமாய்யா, குடிச்சிட்டு உன்னத் தோள்ல தூக்கிக்கினு ஊர்கோலம் போவாரு" என்றாள் அம்மா.

சித்தூர் போய்ப் பித்தளை ஃபில்டர் வாங்கி வந்தார். திருப்பதியில் கொட்டையை வறுத்து அரைத்த பொடி. புது டவரா டம்ளர். ஞாயிறு காலையில் பொடியை அவரே அமுக்கி, வெந்நீரை அவரே ஊற்றி, யாரும் கிட்டே வரக் கூடாதென்று காவல் இருந்தார். டம்ளரில் ஒட்டியிருந்த கடை லேபிளைச் சுரண்டப் போன என் கைமேல் ஓர் அடி விழுந்தது. "பிக்காதடா! புச்சுன்னு தெரியணும்." யாருக்குத் தெரிய வேண்டும், ஏன் தெரிய வேண்டும்? விளக்கம் கிடையாது, அடி மட்டும்தான்.

இதைவிடப் பெரிய அநியாயம் மேஜைமேல் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தப் பெரிய வீட்டு நிலத்தில் வேலை செய்தது போதுமென்று ஊட்டிக்குப் போய், சாக்லேட் செய்யும் இடமொன்றில் சேர்ந்திருந்தார். சட்டியில் கிண்டுவதிலிருந்து கலர் தாளில் சுற்றுவது வரை அவர் வேலை. எனக்கென்று அவர் அனுப்பிய டப்பா ரிப்பன் கட்டி வந்திருந்தது. விருந்தாளி பார்க்கட்டும், அதுவரை பிரிக்காதே என்று உத்தரவு. வாய் நிறைய எச்சிலோடு நான் காத்திருந்தேன்.

பெரிய வீட்டுக்காரர் வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நைனா காபியைத் தானே ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார்.

"வத்துப்பா, வேணாம். காபி ஒத்துக்கல. டாக்டர் தொடவே கூடாதுன்ட்டாரு."

பச்சைப் பொய். அன்று காலையில்தான் ரோட்டுக் கடையில் அவர் காபி உறிஞ்சுவதைப் பார்த்திருந்தேன்.

"ஒரு வாய்ண்ணா. டம்ளர்கூட புச்சு, லேபிள்கூட பிக்கல, பாருங்க."

"வாசன நல்லாத்தான் வருது. வத்துலே."

"தண்ணியாவது?"

அதுவும் வேண்டாமாம். பிறகு அவர் பார்வை என் டப்பாவின்மேல் விழுந்தது.

"அது என்னாடா, ஊட்டி சாக்லேட்டா? கடையில பேக் பண்ணதுதான?"

"ஆமாண்ணா!" நைனா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். டம்ளரை வைத்துவிட்டு ரிப்பனை அவிழ்த்தார். வந்தவர் ஒன்றை எடுத்து, தாளை உரித்து, வாயில் போட்டுக்கொண்டார். "பாகுந்திடா! மிச்சத்த அப்பிடியே கட்டு, எங்க பசங்களுக்கு ஆவும்."

நைனாவும் கட்ட ஆரம்பித்தார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது.

"அது என்னுது! எங்க மாமா அவரு கையாலயே கிண்டி, அவரு கையாலயே சுத்தி எனக்கு அனுப்பிச்சது. தரமாட்டேன்!"

"எந்த மாமாடா?" என்றார், மென்றுகொண்டே.

"உங்க கொல்லில வேல செஞ்சப்ப கொட்டாங்கச்சில காபி ஊத்துவீங்களே, அவருதான்!"

மென்றுகொண்டிருந்த தாடை நின்றுபோனது. துப்பலாம் என்றால் எதிரே வாத்தியார் நிற்கிறார். முழுங்கவோ மனசில்லை. கொப்பளிக்கலாம் என்றால் இருப்பது எங்கள் வீட்டுத் தண்ணீர். ஒரு கன்னம் உப்பியபடியே எழுந்து, "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அவசரத்தில் உதைக்க உதைக்க வண்டியும் கிளம்பவில்லை. என் வீரத்துக்குப் பயந்துதான் ஓடுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடிக்குத் தயாராக நின்றேன். அடி விழவில்லை. அடுக்களையில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெளியே வந்து நைனாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். நைனா அந்த நாற்காலியில், விளிம்பில் இல்லாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆறி ஆடை படிந்திருந்த காபியை எடுத்து வாயில் வைத்தார்.

"ஒண்ணத் துன்னுட்டாரு நைனா, கேக்கவே மாட்டியா?" என்று கத்தினேன்.

"கேட்டாச்சுடா. அதான் நீயே கேட்டுட்டியே" என்று என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. காபி நாக்கைச் சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, டம்ளரை வாங்கி நான் ஊதிக் கொடுத்தேன்.