வெள்ளறடையில் மலை தேடியவன்

பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கல்குவாரிப் பக்கத்து மலைகளை மறுபடி அளப்பது என் தொழில். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவர்களுக்கு என் வேதனை புரியும். வெள்ளறடைப் படத்தில் பழைய சர்வே கற்கள் இரண்டே இரண்டு. உச்சியில் ஒன்று, சரிவில் ஒன்று. ஒன்றின் உயரமாவது படத்தோடு ஒத்துவராவிட்டால் ஆறு மாத வேலையும் முதலிலிருந்து.

மலைக்கு வழி

உச்சிக்கல்லைத் தேடி நானும் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் ஸ்டீபனும் போனோம். படத்தில் மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் நிறைந்த பள்ளம். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். அப்போதும் பள்ளம்தான். டீக்கடைக்காரரிடம் மலைக்கு வழி கேட்டேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"பொழியூருக்குப் போங்க சாறே. மலைய ஒடச்சு அங்க கடலரிப்புக்குக் கல்லாப் போட்டாச்சு. இப்போ ஒரு பஸ் உண்டு."

மூன்று தென்னை

சரிவுக்கல் கிடைத்தது. தாசன் என்பவர் வீட்டு முற்றத்தில், ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே, எண் அழியாமல். அதில் ஆடு கட்டியிருந்தார்கள். அளந்தேன். படத்தில் இருந்ததைவிட மூன்று தென்னை உயரம் குறைந்தது. இடமும் விலகியிருந்தது, பழைய படம் அப்படித்தான் என்று அதை மன்னித்தேன். என்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தேன். கருவியை மாற்றினேன், ஆட்டை மாற்றிக் கட்டினேன். முப்பது வருஷமாக எல்லா மலையையும் இப்படித்தான் தாழ்த்தி வைத்தேனோ என்று சோறு இறங்கவில்லை. ஸ்டீபன் ஆறுதல் சொன்னார்.

"விடுங்க சாறே. மலைக்கும் வயசாவுமில்லியா, குனிஞ்சிருக்கும்."

தாசனின் மரியாதை

நான்காம் நாள் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்த தாசன், ஏன் இந்த வாட்டம் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல் முதலில் மேலே பாறை விளிம்பில் இருந்ததாம். குவாரி அதுவரை வந்தபோது, இவரும் மச்சானும் கயிறு கட்டி இறக்கி, எண் இருந்த திசைகூட மாறாமல் இங்கே நட்டார்களாம். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சாறு கேக்கல்லியே. கெவர்மெண்டு கல்லாக்கும், விட்டா குவாரிக்காரன் ஒடச்சிருப்பான். வேணும்னா நானும் மச்சானும் திரும்பச் சுமந்துட்டுப் போறோம். வைக்க மலைதான் இல்ல."

ஆறு மாதத்தில் நான் பிசகில்லாமல் கண்டுபிடித்தது, தவறு என்னுடையது இல்லை என்பதை மட்டும்தான். அதைக் குறிக்கவும் படத்தில் இடமில்லை.