வெளிப் பெஞ்சில் தலைவர்

மலாக்காவில், காஜா பேராங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையைச் சுற்றிலும் பல தலைமுறைக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய செட்டி மக்கள் வீடுகள். அவர்களுக்கு வீட்டிலும் மலாய்தான். காலையில் மளிகைக் கடைக்குப் போய் மூட்டை பிரித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினால் தமிழில் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டவன். பேப்பரும் சரளமாக வராது. மெர்டேக்கா, நாட்டு விடுதலை, வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே துணை எங்கள் தெருச் சங்கத்து ரேடியோ. ரேடியோவைவிட, அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த மனிதர்கள்.

அந்த ரேடியோவுக்குச் சட்டம் உண்டு. தமிழுக்கு ஒரு நேரம், மலாய்க்கு ஒரு நேரம் என்று எல்லாரும் கூடிப் பிரித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருவர் முறைக்காரர். அவரைத் தவிர யாரும் ரேடியோவின் திருகைத் தொடக்கூடாது. தொட்டால் ஒரு வாரம் வெளிப் பெஞ்சு, ஜன்னல் வழியாகத்தான் கேட்க வேண்டும். தொட்டது யாரென்று மறுநாள் எல்லார் முன்னாலும் சொல்வது முறைக்காரர் வேலை. போன மாதம் ஒரு செட்டித் தையல்காரர் கை வைத்துவிட்டு, தூறலில் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெஞ்சில் இருந்தார்.

என் முறை வாரத்தில் திருகைத் தொட்டது சங்கத் தலைவர். துறைமுக ஆபிசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மலாய்ப் பாட்டு நேரம் அது. தையல்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்து வந்து, தமிழில் ஏதோ முக்கியமான செய்தி என்று முள்ளை நகர்த்தினார். தையல்காரர் கண்ணைத் திறந்தார். தலைவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நான் கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவன். மறுநாள் முழுக்க மிளகாய் மூட்டையைத் தைத்துக்கொண்டே யோசித்தேன். சொன்னால் சங்கத்தில் யார் என்னோடு பேசுவார்கள்? சொல்லாவிட்டால் தையல்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

சாயங்காலம் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

“தலைவருக்கேவா? நீ என்னப்பா, மாஜிஸ்திரேட்டா?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

தலைவர் சிரிக்கவில்லை. முக்கியமான செய்திதானே என்று ஆரம்பித்தவர், தையல்காரரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் தனியாக இருக்கிறாரே என்று மறுநாள் ஒருவர் எழுந்து வெளியே போனார். பிறகு இன்னொருவர். வாரம் பாதியாவதற்குள் எல்லாரும் பெஞ்சைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரரும்தான். அந்தப் பெஞ்சில் தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமே. முறைக்காரர் மட்டும் ரேடியோவை விட்டு எழக்கூடாது, அதுவும் சட்டம்.

உள்ளே நானும் காலி நாற்காலிகளும். வெளியே பேச்சும் சிரிப்பும் வெற்றிலை வாசனையும். செய்தி வாசிக்கிறவர் என் ஒருவனுக்காக வாசிப்பதுபோல் இருந்தது. ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜன்னலில் தலைவர் குரல் கேட்டது.

“தம்பி, சத்தம் பத்தல. கொஞ்சம் கூட்டி வை.”

கூட்டினேன். அவர் இன்னும் ஏதாவது கேட்பார் என்று, திருகிலிருந்து கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன்.