ஜீப்பு உதறிய அன்று

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சே வராது. அதனால் நடந்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

என் மகன் காட்டுப்பாதையில் ஓட்டுவதற்காகத் தன் ஜீப்பை உயரமாக்கினான். வேங்கிக்கால் ஊர்ப் பட்டறை மெக்கானிக் அப்போதே சொன்னார்: "வண்டிய ஏத்துனா முன்னாடி அச்ச ஆடாம புடிக்கிற இந்த ராடும் மாத்தணும் சார். இல்லன்னா ஸ்டீரிங் உதறும்."

"அதெல்லாம் வேணாம், அலைன்மெண்ட் மட்டும் பாரு" என்றான் மகன். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மறுவாரம் நானும் மகனும் போகையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஜீப்பு பேய் பிடித்ததுபோல் உதறியது. புளியமரத்தில் மோதாமல் தப்பித்தோம். மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்கே போனான்.

"எங்கம்மாவ கொல்லப் பாத்தியாடா? ஒரு வார்த்த சொன்னியா?" என்று அங்கே கிடந்த ஸ்பேனரால் மெக்கானிக் முகத்தில் அடித்தான்.

"சொன்னேன் சார்" என்றதற்கு இன்னொரு அடி. நான் வண்டிக்குள் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன்.

ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினார் அவர். "அடிச்சது போதும் சார். அம்மாவ இதுல கூட்டினு போவாதீங்க" என்று சொல்லி வண்டிக்கு அடியில் படுத்தார். "அம்மா, ஸ்டீரிங்க இப்டி அப்டி ஆட்டுங்க."

எட்டிப் பிடித்து ஆட்டினேன். கீழே டக் டக்கென்று சத்தம் வந்தது.

"இந்த ராடுதான். போல்ட்டு ஓட்டை பெருசாயிடுச்சு."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அவர் அன்னிக்கே சொன்னாருடா. நானும் கேட்டேன்."

வண்டிக்கு அடியிலிருந்து அவர் சொன்னார்: "இத கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாமேம்மா."

நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வரி. அதற்கு அவர் பல் போக வேண்டியிருந்தது.