நம்ம வண்டித் தடம் இல்லை

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் இருபத்தொன்பது. வயதைச் சொல்லவில்லை, வயது அவருக்கு நாற்பத்தைந்து ஆகிறது. அது அங்குலக் கணக்கு. புதிதாக ஜீப் வாங்கிக்கொண்டு, மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டப் போகிறேன் என்று எவன் வந்து நின்றாலும், வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இருபத்தொன்பது இஞ்சு போதும்" என்பார். பெரிய டயர் விற்றால் லாபம் கூடத்தான். ஆனாலும் புது ஆளுக்கு ஒரு விரற்கடை கூட ஏற்றித் தர மாட்டார்.

ஊரை விட்டு வெளியேறும் சாலையில் ஒற்றை ஷட்டர் கடை அவருடையது. வாசலில் பழைய டயர் அடுக்கு, உள்ளே காற்றடிக்கும் இயந்திரம், மேசை என்று பெயருக்கு ஒரு பலகை. சந்தேகம் கேட்பவர்களுக்கு வாயால் பதில் சொல்வதை விடச் செய்து காட்டுவார். முன் டயரின் தோளில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டை மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்வார். பிறகு டார்ச்சோடு மட்கார்டுக்குள் தலையை விடுவார். உள்ளே வெள்ளை ஒட்டியிருந்தால் அந்த டயர் அந்த வண்டிக்குப் பெரிசு, பேச்சு முடிந்தது.

"உசரமாத் தெரியும், நிஜம்தான்" என்பார். "ஆனா இஞ்சின் அதைச் சுத்த முடியாம மூச்சு வாங்கும். பிரேக் சொன்ன இடத்துல நிக்காது. திருப்பத்துல உரசும். முதல்ல ஓட்டக் கத்துக்கோ தம்பி. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் நல்லது."

இன்னொரு பழக்கமும் உண்டு. தெருவில் நடக்கும்போது எதிரில் வருபவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். "பால் வண்டிக்காரன் இடது பின்சக்கரத்துல காத்து கம்மி" என்று போகிற போக்கில் சொல்வார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். ஒரு தடவை களவு போன வேன் ஒன்றை, ஒரு சந்தின் சேற்றில் இருந்த தடத்தை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தார். "நான் மாட்டின டயர் மண்ணுல எப்படி விழும்னு எனக்குத் தெரியாதா?" என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். என் தங்கைக்கு அது பிடிக்காது. "மனுஷ முகம் மறந்துபோகும் இவருக்கு, ரப்பர் முகம் மறக்காது" என்பாள்.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடங்களுக்குச் சோதனைச்சாலைச் சாமான் விற்கிறவன். ஐம்பது வயதில், கெட்ட நேரம், ஜீப் ஆசை வந்தது. இரண்டாம் கையாக ஒன்று வாங்கினேன். மாப்பிள்ளை தன் கையாலேயே நாலு டயரும் ஸ்டெப்னியும் மாட்டிக் கொடுத்தார். எல்லாம் இருபத்தொன்பது. நானும் சரி என்றுதான் இருந்தேன். அலுவலக வாசலில் ஒருவன், "என்ன சார், ஜீப்புக்குச் சைக்கிள் டயரா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. வேறு தெருவில், வேறு கடையில், முப்பத்து மூன்று அங்குல டயர் நாலு வாங்கிப் போட்டுவிட்டேன். இடிக்கிறது என்றதும் அந்தக் கடைக்காரன் மட்கார்டின் உதட்டை வெட்டி எடுத்தான். ஸ்டெப்னியை மாற்றவில்லை, பழையதே பின்னால் தொங்கியது.

அன்று என்னோடு இருந்தவள் மாப்பிள்ளையின் மகள், ஒன்பது வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் குட்டி. "அப்பாகிட்ட சொல்லாதே. மாமாவே நேரம் பார்த்துச் சொல்லிக்கிறேன்" என்றேன். "சரி மாமா" என்றாள். அந்தப் பெண் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அப்பனைப் போல. மாப்பிள்ளை கண்ணில் படாமல் நாலு நாள் வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தேன். ஐந்தாம் நாள் சனிக்கிழமை, குட்டியை ஏற்றிக்கொண்டு சேற்றுவெளிக்குக் கிளம்பினேன்.

ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு அப்பால், கடல் இறங்கும்போது மட்டும் வெளியே தெரிகிற தரை அது. சிப்பி பொறுக்குகிறவர்களின் டிராக்டர்கள் போக ஒரு கெட்டியான மண்பாதை உண்டு. தடுப்புக் கம்பத்தில் தொடங்கி ஆறாவது கிலோமீட்டரில் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று பிரியும். அடையாளம் சொல்ல ஒரு மரம், ஒரு கல் கிடையாது. அதனால் அங்கே போகிறவர்கள் கம்பத்தடியில் வண்டியின் தூர மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைப்பார்கள். ஏதாவது ஆனால், "தெற்குப் பாதை, பன்னிரண்டு" என்று சொன்னால் போதும், வந்து விடுவார்கள். மாலை நாலு மணிக்குத் தண்ணீர் ஏறத் தொடங்கும். ஆறு மணிக்கு ஆள் மூழ்கும்.

தெற்குப் பாதையில் போனோம். உயரத்தில் உட்கார்ந்து ஓட்டுவது சொர்க்கமாக இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டரை மணிக்கு மூடுபனி இறங்கியது. நடுப்பகலில் அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை. வண்டியின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, வண்டி முறுக்கிக்கொண்டது, முன்னால் ஒரு பெரிய உரசல் சத்தம். வெட்டிவிட்ட மட்கார்டின் கூர்விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இஞ்சின் அலறியது, கிளட்ச் கருகி வாடை வந்தது, வண்டி ஒரு சாண் நகரவில்லை. சேற்றில் ஜாக்கி நிற்காது, பின்னால் தொங்கிய சின்ன ஸ்டெப்னியும் உதவாது. மீட்டரைப் பார்த்தேன். பதினெட்டு.

அப்போதெல்லாம் பொத்தான் போன்தான், பேசுவதைத் தவிர ஒன்றும் செய்யாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"தெற்குப் பாதை, பதினெட்டு. குட்டியும் இருக்கா" என்றேன்.

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "வண்டியை விட்டு இறங்காதீங்க மச்சான். பனியில நடந்தா ஓடையில போய் விழுவீங்க. நான் வர்றேன்" என்றார்.

நாலு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சட்டைப்பையில் இருந்து அவசரமாக எடுத்தேன். அதற்குள் சக்கரங்களைச் சுற்றித் தண்ணீர் வந்திருந்தது. சத்தமே இல்லாமல் வந்திருந்தது.

"மச்சான், நான் பதினெட்டுல நிக்கிறேன். சிப்பிக்காரங்க ரெண்டு பேரு டிராக்டரோட கூட இருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"பதினெட்டுலதான் இருக்கோம் மாப்ளே."

"ஹார்ன் அடிங்க."

அடித்தேன். கையை எடுக்காமல் அடித்தேன்.

"அடிங்க மச்சான்."

"அடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அவர் மூச்சு என் காதுக்குள் கேட்டது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு மாதிரி. நான் என்னை அறியாமல் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். குட்டி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் அவர். "டிராக்டர் விளக்கை உங்க பக்கம் அடிக்கிறோம். தெரியுதா?"

நாலு பக்கமும் பார்த்தேன். வெள்ளைதான்.

"மச்சான், பயப்படாதீங்க, ஒண்ணு கேக்கறேன். கம்பத்துலதானே மீட்டரை வச்சீங்க?"

"ஆமா."

"தெற்குப் பாதைதானே?"

"சத்தியமா மாப்ளே."

"உங்க தடம் இல்லையே" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "பிரியுற இடத்துலயிருந்து தரையையே பார்த்துக்கிட்டு வர்றேன். நம்ம வண்டித் தடம் எங்கேயும் இல்ல. உங்க வண்டி இந்தப் பக்கம் வரவே இல்ல மச்சான்."

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. ஆனால் ஒருவர் நாம் இருக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு, நாம் அங்கே இல்லை, வரவும் இல்லை என்று சொன்னால், அதுவும் தடம் பார்ப்பதில் தப்பே செய்யாதவர் சொன்னால், என்ன நினைப்பது? நாங்கள் இருவரும் எப்போதோ முடிந்துபோய்விட்டோமோ, அது எங்களுக்குத்தான் தெரியவில்லையோ என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தேன். குட்டியின் கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. பனிக்குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீர் கதவடியில் வழிந்து கால்மிதிக்கு வந்தது.

"நீங்க வடக்குப் பாதையில போயிருக்கீங்க. பனியில திசை தெரிஞ்சிருக்காது" என்றார். "நாங்க திரும்பிப் போய் அங்க பார்க்கறோம். தைரியமா இருங்க."

திரும்பிப் போகிறார்கள். பிரிகிற இடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மறுபடி பன்னிரண்டு. அதற்குள் கூரை முழுகிவிடும். வேண்டாம் என்று கத்த வாய் திறந்தேன், காரணம் சொல்ல வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவர் தரையில் தேடியது தன் கையால் மாட்டிய டயரின் தடத்தை. அந்த டயர் நாலும் என் வீட்டுப் பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

அப்போது கூட நாக்கு எழவில்லை. அதை எப்படிச் சொன்னாலும் அசிங்கம்தான், எழுதிவிடுகிறேன். காலடியில் தண்ணீர், பக்கத்தில் அவர் பெற்ற குழந்தை, எனக்கோ மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று இருந்தது.

குட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

"மாமா, இப்பச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் கேட்டிருக்கிறது. தடம் இல்லை என்று அவள் அப்பா சொன்னபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாக்குக் கொடுத்துவிட்டதால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாமா என்ன சொல்வார் என்று என் முகத்தையே பார்த்தாள்.

"மாப்ளே, திரும்பாதீங்க!" என்று கத்தினேன். "டயரை மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்லல."

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, அவர் என்னை ஒருமையில் கேட்டார்.

"என்ன சைஸ்டா போட்டே?"

"முப்பத்து மூணு."

அவர் கணக்குப் போடுவது எனக்குக் கேட்டது. மீட்டருக்குத் தூரம் தெரியாது, சக்கரம் சுற்றுகிற சுற்றுதான் தெரியும். பெரிய சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் அதிகமாகப் போய்விடும், மீட்டரோ பழைய சக்கரம் என்றே நினைத்து எண்ணிக்கொண்டிருக்கும். வண்டி கடைசி வரை எனக்குக் குறைத்தே சொல்லி வந்திருக்கிறது.

"நீ பதினெட்டுல இல்ல" என்றார். "இருபதரையில இருக்கே. குட்டியைக் கூரை மேல ஏத்து." அத்தோடு என் போன் அணைந்துவிட்டது.

கூரை மேல் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே சீட்டுகள் முழுகின. முதலில் டிராக்டர் சத்தம் கடல் பக்கமிருந்து கேட்டது. பனியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. வேறு யாரோ வருகிறார்கள் என்று பயந்து குட்டியை இறுக்கிக்கொண்டேன். பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் கலங்கலாகத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் மாப்பிள்ளை நடந்து வந்தார். மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கும் கை கொடுத்தார்.

கரைக்கு வந்த பிறகு அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தடத்து மேலதான் நின்னு உன்கிட்டப் பேசினேன்" என்றார். "அகலமா, புதுசா, பளிச்சுனு கிடந்துச்சு. சிப்பிக்காரங்க ரெண்டு பேரும் இதைப் பிடிச்சுப் போய்ப் பார்ப்போம்னாங்க. நான்தான் தடுத்தேன். எனக்குத் தெரியாதா, இது நம்ம வண்டித் தடம் இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். என் பொண்ணு போன தடத்தை நானே இல்லன்னு சொல்லி டிராக்டரைத் திருப்பினேன்டா."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தங்கைக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. கடை அதே இடத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இப்போதும் இருபத்தொன்பதுதான், ஆனால் சண்டை போடுவதில்லை. "நாளைக்கு வேற கடையில பெரிசு மாட்டினாலும் மாட்டிக்க. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டு மாட்டு" என்கிறார். அவர்கள் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

என்னிடம் பழையபடி மச்சான், வாங்க, உக்காருங்க எல்லாம் வந்துவிட்டது. டயர் விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. இப்போது வைத்திருக்கும் வண்டியை நான் அவர் கடை வாசலில் நிறுத்தினால், நலம் விசாரித்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்து வந்து, குனிந்து, நாலு சக்கரத்தையும் தானே அளந்து பார்த்துக்கொள்கிறார். அவர் அளந்து முடிக்கும் வரை நான் ஓரமாக நிற்கிறேன்.