லேபிள் பிள்ளை பார்த்து வந்த ஐரோப்பா

நான் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறாள்.

இன்று சிவகாசியில் பழைய முதலாளி வீட்டுக்குப் போயிருந்தேன். ஐரோப்பா டூர் போய் வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள்.

அவருடைய பேத்தி, எங்கள் கம்பெனி மத்தாப்புப் பெட்டியின் பழைய லேபிளில் இருந்த பச்சைப் பாவாடைச் சிறுமியைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறாள். பாரிஸ் கோபுரத்தின் முன்னால் அந்த அட்டைப் பிள்ளை. சுவிட்சர்லாந்துப் பனியிலும் அதே பிள்ளை.

"வெளிநாட்டுக் காலண்டரப் பாத்து வரைஞ்ச மொகம். சொந்த ஊரப் பாக்கட்டும்னு கூட்டிட்டுப் போனோம்" என்று முதலாளி சிரித்தார்.

"இல்ல மொதலாளி, அது எம் மக செல்வி" என்றேன்.

லேபிள் வரைய வந்த ஆர்ட்டிஸ்ட் பேக்கிங் ஷெட்டில் அவளைத்தான் உட்கார வைத்தார். உள்ளே நெருப்பு ஆகாது என்று கொளுத்தாத மத்தாப்பைக் கையில் கொடுத்தார். படத்தில்தான் அது எரிகிறது. அடுத்த சீசனில் அந்த ஷெட் தீப்பிடித்தபோது செல்வி உள்ளே இருந்தாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

"வயசாயிருச்சு பெருசு. எந்தப் பிள்ளையப் பாத்தாலும் ஒம்ம மகளாத்தான் தெரியும்."

"அந்த அட்டையவாவது குடுங்க."

"கசங்கிருச்சு தாத்தா, ரோம்லயே போட்டுட்டோம்" என்றாள் பேத்தி.

அவர்கள் எடுத்த படங்களில் கோபுரம் தெளிவாக இருக்கிறது. அவள் முகம் மிளகளவு.

உங்கள் யார் வீட்டுப் பரணிலாவது அந்தப் பெட்டி கிடந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இல்லை. நாங்கள் மத்தாப்பு செய்தோமே தவிர, ஒரு பெட்டிகூட வாங்கியதில்லை.