பீர்க்கங்காயில் ஒத்திகை பார்த்த மீன் மிஷின்

என் வாஷிங் மிஷின் இப்போது நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறது. என் அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் தணிகாசலம். மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர், பிறந்ததிலிருந்து முட்டை கூடத் தொடாதவர். இன்னொருவர் அஞ்சலாட்சி, மீன் விற்கிறவர். இந்த ஜோடி கூட்டுச் சேர்ந்து ஒரு மிஷின் கண்டுபிடித்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவள்தான், ஆனால் அதற்கு முன்னால் நிறையக் கத்தித் தீர்த்தேன்.

அஞ்சலாட்சி குருசுக்குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் கூப்பிடு தூரத்தில் வாக்கப்பட்டவர். கல்யாணமான புதிதில் தலையில் கூடையோடு ரெட்டியார்பாளையம் வரை தெருத்தெருவாகக் கூவி விற்றிருக்கிறார். அப்புறம் மார்க்கெட்டுக்கு வந்தார். மார்க்கெட் வாசலை ஒட்டி மீன் வரிசையின் முதல் இடம் இருக்கிறதே, அது அவருக்கு யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. தினமும் எல்லாருக்கும் முன்னால் வந்து அங்கேயே குந்திக் குந்தி, மற்றவர்களுக்குச் சண்டை போட்டு அலுத்துப்போய், கடைசியில் அது அவர் இடமாகிவிட்டது. குரல் பெரிசு. அவர் சங்கரா மீன் என்று கூவினால் பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. இப்போதெல்லாம் யாரும் மீனைச் செதிலோடு வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அங்கேயே சுரண்டி, துண்டு போட்டு, கழுவிக் கையில் கொடுக்க வேண்டும். அஞ்சலாட்சியின் வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அரிவாள்மனையில் தள்ளித் துண்டு போட்டுவிடுவார்; செதில் சுரண்டுகிற கத்தியைத்தான் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஊருக்கு மட்டும் சுளுக்கு என்று சொல்லி வைத்திருந்தார்.

மீன் வரிசைக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் இடத்தில் இருப்பவர் கை வேகமாக ஓட வேண்டும். அங்கே கூட்டம் தேங்கினால் பின்னால் இருக்கிற யாருக்கும் வியாபாரம் நடக்காது. அதனால் பக்கத்து இடத்துக் கலைமகள், எல்லாருக்காகவும் பேசினாள்.

"தடைக்காலம் முடிஞ்சி பெரிய போட்டு மீனு வர்ற அன்னிக்குப் பாப்போம்க்கா. கையி ஓடுச்சின்னா நீயே குந்து. இல்லனா பின்னால சாக்கடப் பக்கம் மாறிடு. நான் சொல்றனேன்னு கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ளாமல் இருப்பாரா? அன்று மார்க்கெட்டே அதிர்ந்ததாம்.

அந்தச் சமயத்தில்தான் மிக்ஸி ரிப்பேருக்கு என்று எங்கள் கடைக்கு வந்தார். கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். என் வீட்டுக்காரர் ஒரு கிரைண்டரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி சுற்றுகிற கல்லையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இதுல மீனப் போட்டா செதிலு போவுமா?"

"மீனே போய்டும்க்கா," என்றார் இவர்.

இவர் ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசினாலே அதிகம். அன்றைய கோட்டா அதோடு முடிந்தது. ஆனால் பேசாத மனிதரின் மண்டைக்குள் மோட்டார் ஒன்று கிளம்பிவிட்டது எனக்குத் தெரிந்தது. சோற்றில் ரசம் ஊற்றினால் மோர் என்று நினைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே என் வாஷிங் மிஷினைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் மிஷின் கடைக்குப் போயிருந்தது. உள்ளே இருந்த எவர்சில்வர் தொட்டியை வெளியே எடுத்து, வெளிப்பக்கத்திலிருந்து ஆணியால் துளை துளையாக அடித்துக்கொண்டிருந்தார். தொட்டியின் உட்பக்கம் தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. அதில் இனி துணி போட்டால் நூலாகத்தான் வரும். நான் கத்தியது குருசுக்குப்பம் வரை கேட்டிருக்கும்.

"அதுல சத்தம் வந்துச்சி, சந்திரா," என்றார்.

"அப்ப என்னையும் ஆணி வச்சி அடிங்க. எங்கிட்டயும்தான் சத்தம் வருது."

தைப்பூசத்துக்கு வடலூர் போய் வருகிற சைவக் குடும்பம் எங்களுடையது. ஆகவே ஒரே ஒரு சட்டம் போட்டேன். என் வாசற்படியைத் தாண்டி ஒரு நெத்திலி கூட உள்ளே வரக் கூடாது. மீன் மிஷினை மீன் இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் அது அவர்கள் பாடு. இன்றைக்கும் சொல்கிறேன், அதில் என் தப்பு எதுவும் இல்லை.

அஞ்சலாட்சி அசரவில்லை. "செதிலுன்னா என்னா, மேல சொரசொரன்னு இருக்கறதுதான? பீர்க்கங்காயில பாத்துடுவோம் தம்பி," என்றார். பெரிய போட்டுகள் கடலுக்குப் போகாத அந்தத் தடைக்காலம் முழுக்க, இருக்கிற சின்ன மீன் வியாபாரம் முடிந்ததும் ஒரு பை பீர்க்கங்காயோடு வந்து இறங்குவார். எங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று குளித்து, புடவை மாற்றி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டுதான் வருவார். அப்படியும் இவர் மூக்கருகே கற்பூரத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். அஞ்சலாட்சி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும், கற்பூரத்தைப் பிடுங்கி ஒளித்து வைப்பேன். இவர் சாமி மாடத்திலிருந்து வேறு எடுத்து வருவார்.

முதல் தடவை போட்ட பீர்க்கங்காய் சட்னியாக வந்தது. வேகத்தைக் குறைத்தார், காய் உள்ளே போனபடியே வெளியே வந்தது. மேலே தண்ணீர்க் குழாய் பொருத்தினார். சுவர், கூரை, மாட்டியிருந்த முருகன் காலண்டர் எல்லாம் குளித்தன. ஒவ்வொரு தோல்வியும் என் அடுப்படிக்குத்தான் வந்து சேர்ந்தது. தோலில் துவையல், காயில் கூட்டு, சிதறியதில் சாம்பார், சிதறாததில் பஜ்ஜி. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பாத்திரத்தோடு என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள்.

கண்டுபிடிப்பாளர்கள் இருவருக்கும் சண்டை வேறு. மிஷினுக்கு மேலே 'அஞ்சலாட்சி' என்று பெரிசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. முதலில் ஓடட்டும் என்பது இவர் கட்சி. அவர் ஒரு மணி நேரம் திட்டுவார், இவர் ஸ்குரூ முடுக்குவார். பெயிண்ட் கடைசியில் அவரே வாங்கி வந்து இடது கையால் எழுதினார். எழுத்துகள் காற்றடித்த பந்தல் மாதிரி சாய்ந்து நின்றன.

ஒரு நாள் மத்தியானம் தொட்டியிலிருந்து ஒரு பீர்க்கங்காய் வந்தது. ஒரு வரி இல்லை, ஒரு கீறல் இல்லை, குழந்தையின் கன்னம் போல இருந்தது. அஞ்சலாட்சி அதைக் கையில் வாங்கித் தடவினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"எடம் தங்கிடும் இல்ல தம்பி?" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். நான் என் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைத்தால் என்ன, அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியுமா?

தடைக்காலம் முடிந்து முதல் பெரிய போட்டு மீன் வந்த ஞாயிற்றுக்கிழமை, மிஷின் லோடு ஆட்டோவில் ஊர்வலம் போனது. குங்குமப் பொட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. வாழ்நாளில் மீன் மார்க்கெட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன். என் மிஷினாயிற்றே, அதன் கதியை நான் பார்க்க வேண்டாமா?

வாசலில் திருவிழாக் கூட்டம். முதல் ஆளாக நின்றவர் காசிலிங்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஞாயிறு என்றால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் மீன் வாங்க வருவார். கலைமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்தாயிற்று. அஞ்சலாட்சி ஒரு கூடை சங்கராவை அப்படியே உள்ளே கொட்டினார். இவர் கற்பூரத்தை ஒரு முறை ஆழமாக இழுத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்.

மேலே குழாய் பொருத்துவதற்காக மூடியைக் கழற்றியிருந்தார்; வேகம் சரியானபின் சிதறாத பீர்க்கங்காய்க்கு அது தேவைப்படவில்லை. அதனால் மிஷினுக்கு மூடி போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

செதில் பறந்தது பாருங்கள்! கல்யாணத்தில் அட்சதை போடுவது போல நாலா பக்கமும் பளபளவென்று பொழிந்தது. காசிலிங்கத்தின் வெள்ளைச் சட்டை ஜரிகைச் சட்டையானது. கலைமகளின் கொண்டை மின்னியது. டீக்கடைக்காரர் பாய்லரைக் கட்டிப்பிடித்து மூடினார். ஸ்கூட்டரில் போன ஒருவர் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எதிரே இருந்த கீரைக்கடைக்குள் போய் நின்றார். வீட்டுத் தரை சமதளம். மார்க்கெட் தரை ஈரம், சரிவு. மிஷின் ஆடிற்று, குதித்தது, பிறகு நிதானமாக ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. 'அஞ்சலாட்சி' என்று சாய்ந்த எழுத்தில் பேர் தாங்கி என் வாஷிங் மிஷின் முன்னால் போக, ஐயோ ஐயோ என்று நிஜ அஞ்சலாட்சி பின்னால் ஓட, இவர் இரண்டையும் துரத்த, நான் அடக்க முடியாமல் சிரித்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒயர் இழுபட்டு, பிளக் பிடுங்கிக்கொண்டு, மிஷின் நின்றது.

சிரிப்பெல்லாம் மெல்ல அடங்கியது. உள்ளே மீன் என்ன ஆயிற்று?

அஞ்சலாட்சி வலது கையை உள்ளே விட்டார். மீன் வழுக்கியது. இடது கையை விட்டார், பழக்கமில்லாத அதற்கும் வழுக்கியது. மறுபடி வலது கையை விட்டார். விரல்கள் மடங்கவேயில்லை. சுளுக்கு இல்லை என்று அந்தக் கூட்டத்துக்கே புரிந்துவிட்டது. கலைமகள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அஞ்சலாட்சி யாரையும் பார்க்காமல் தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்தேன். இந்த மனுஷியை யாராவது சாக்கடைப் பக்கம் போகச் சொன்னால் நான் சும்மா விடமாட்டேன் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அவர் கடையில் ஒரு மீன் கூட வாங்காத நான், அப்படி நினைத்தேன்.

இவர் கற்பூரத்தைக் கீழே போட்டார். சட்டைக் கையைச் சுருட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, பீர்க்கங்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்குகிற மாதிரியே ஒரு சங்கராவை வாலைப் பிடித்துத் தூக்கினார். மீன் வெயிலில் தொங்கியது. ரோஜா நிறத்தில், வழவழவென்று.

"ஒரு செதிலு இல்லக்கா!" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

காசிலிங்கம் மீசையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டார். "த்ரே பியான், ரொம்ப நல்லாருக்கு! நான்தான் போணி. அத அப்படியே என் பையில போடு," என்றார்.

கூட்டம் முண்டியடித்தது. இவர் கண்ணை மூடி மூடி மீனை எடுத்துக் கொடுக்க, அஞ்சலாட்சி அரிவாள்மனையில் துண்டு போட்டார். கலைமகள் ஓடிப்போய்த் தன் கடைத் தார்ப்பாயை எடுத்து வந்து மிஷின் வாயை மூடினாள். "எடத்த மாத்தணும்னா இந்தப் பிசாசையும் சேத்து மாத்தணும். இது கிட்ட நான் ஒக்கார மாட்டேன்பா. நீயே குந்துக்கா," என்றாள். அதோடு முடிந்தது பஞ்சாயத்து.

அன்று இவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி நின்றார். நான் எலுமிச்சையும் சோப்பும் கொடுத்து, கொல்லைப்புறமாக வரச் சொன்னேன். உள்ளே விட மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் கையை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்ததைப் பார்த்தபின் எப்படி விடாமல் இருப்பது?

மிஷினுக்கு இப்போது மூடி இருக்கிறது, தரையில் போல்ட்டும் இருக்கிறது. மற்ற நாளில் அஞ்சலாட்சியே இடது கையால் மெதுவாக ஒவ்வொன்றாக எடுத்துச் சமாளிக்கிறார்; கூட்டம் நெரிகிற ஞாயிறு மட்டும் மீனை எடுக்கத் தவறாமல் இவர் போகிறார். போன வாரம் கேட்டேன், தொட்டி தானாகச் சாய்ந்து மீனைக் கொட்டுகிற மாதிரி ஒரு லீவர் வைத்துவிட்டால் யாரும் கைவிட வேண்டாமே என்று. இவருக்கு அது ஒரு மத்தியான வேலை.

"வச்சிடலாம்," என்றார்.

அப்புறம் ஸ்பேனரைத் தொடாமல், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். கற்பூரம் சாமி மாடத்திலேயே இருந்தது. "அக்காவ மத்தியானம் சாப்பிட வரச் சொல்லுங்க," என்று பின்னாலேயே கூப்பிட்டுச் சொன்னேன். "பீர்க்கங்காய் இல்லன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."