பழைய பெயரைத் தொட்டால்

மைசூரு நகரப் பேருந்தில் எங்கள் பக்கத்துத் தமிழ் காதில் விழுந்தால் நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். வெளியூரில் தாய்மொழியைக் கேட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு, "ஏனுங்க" என்று ஓர் ஆண்குரல் பின் இருக்கையிலிருந்து வந்தால் போதும், முதுகு விறைத்துவிடும். மீதித் தூரம் வெயிலில் நடந்து ஹெப்பாளில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவேன். போர்வெல் வண்டியைக் கண்டாலும் அப்படித்தான். திருச்செங்கோட்டுப் பதிவு எண்ணோடு ஒரு ரிக் லாரி வெளிவட்டச் சாலையில் வந்தால், பக்கத்தில் இருக்கும் கடைக்குள் புகுந்து, வேண்டாத கொத்தமல்லிக்கு விலை கேட்டபடி அது கடந்து போகும்வரை நிற்பேன். கடைக்காரருக்கு நான் ஒரு விசித்திரமான வாடிக்கையாளர். கேட்பேன், வாங்கமாட்டேன்.

திருச்செங்கோடுதான் என் ஊர். என் கணவர் வீட்டில் ரிக் லாரிகள் இருந்தன. ஆந்திரா, கர்நாடகா என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். நான் கணினி படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. சமையல் முடிந்த பகல் நேரத்தில், நிரல் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு உதவிக்கொள்ளும் ஒரு இணையத்தளத்தில் உட்கார்ந்துவிடுவேன். எங்கோ ஒருவருடைய நிரல் ஓடாமல் நிற்கும். நான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வேன். அவர் நன்றி எழுதுவார், எனக்குப் புள்ளிகள் ஏறும். அந்த வீட்டில் என்னிடம் நன்றி என்ற சொல்லைச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான். பெயரும் முகமும் தெரியாத அந்த மனிதர்களைத்தான் என் கணவர் சந்தேகப்பட்டார்.

"ஆருக்குடீ பதில் எழுதற? கையைக் காட்டு. இந்தக் கைதான எழுதுது?" என்று கேட்டுவிட்டு, திறந்திருந்த மடிக்கணினியை என் இடக்கை அதற்குள் இருக்கும்போதே அறைந்து மூடினார். மூடியதன் மேல் ஏறி நின்றார். கண்ணாடி உடைந்த சத்தத்தையும் என் விரல் உடைந்த சத்தத்தையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, "ஆம்பளைக்குக் கோவம் வர்ற மாதிரி எதுக்கு நடந்துக்கற?" என்றார்.

என் கணவர் ரிக்கோடு ஆந்திரா போயிருந்த ஒரு நாளில் என் தங்கை கவிதா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பேருந்து நிலையத்தில் விட்டாள். சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, சாம்ராஜ்நகர், பிறகு மைசூரு. இங்கே ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. கைபேசி வழியாக நடந்த நேர்முகத்தில் அவர்கள் என் சான்றிதழைவிட அந்தத் தளத்தில் நான் எழுதியிருந்த பதில்களைத்தான் அதிகம் பார்த்தார்கள். அதனால்தான் அந்தக் கணக்கை நான் அழிக்கவில்லை. என்னிடம் இருந்த ஒரே அனுபவம் அதுதான். கௌசல்யா என்று இருந்த பெயரை மட்டும் சஹனா என்று மாற்றினேன். ஊர் என்ற இடத்தில் மைசூரு என்று எழுதி, யாருக்கும் காட்டவேண்டாம் என்று குறித்துவைத்தேன்.

மைசூருவில் மேட்டகள்ளியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா ஜெயம்மா. கீழே அவர், மேலே நான். திருச்செங்கோட்டில் யார் வீட்டு மருமகள் என்று கேட்காமல் யாரும் இரண்டாவது வார்த்தை பேசமாட்டார்கள். ஜெயம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ஒப்பளேனா?" தனியாகவா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். அந்தச் சாவியை வாங்கிய கணத்தில் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது.

சோதிப்பது என் தொழில். அலுவலகத்தில் மட்டுமல்ல, எதைத் தொட்டாலும் அது எங்கே உடையும் என்றுதான் பார்ப்பேன். அந்தத் தளத்தில், தளத்தைப் பற்றிய குறைகளையும் யோசனைகளையும் எழுதுவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் நான் அடிக்கடி எழுதுவேன். ஒருநாள் என் பழைய பதில் ஒன்றைத் திறந்தேன். யாரோ எப்போதோ "நன்றி கௌசல்யா" என்று எழுதியிருந்தார்கள். பிறர் எழுதியதில் இருக்கும் பழைய பெயர் மாறாது. அது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அந்தப் பெயரை விரலால் தொட்டால் ஒரு சிறிய அட்டை விரிந்தது. புதிதாகச் சேர்த்த வசதி. அட்டையில் சஹனா என்றும், அதன் கீழே, நான் மறைத்துவைத்திருந்த மைசூரு என்றும் இருந்தது.

உடனே குறை எழுதினேன். என்னையே எடுத்துக்காட்டாகக் காட்டினால் நானே வழிகாட்டிப் பலகை நட்ட மாதிரி ஆகும் என்பதால், சோதனைக்காகப் போலிக் கணக்கொன்று தொடங்கி அதில் செய்து காட்டினேன். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர் ஒருவர் மறுநாளே பதில் எழுதி அதை மூடிவிட்டார். பெயர் மாற்றியவரைப் பழைய நண்பர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அட்டை. ஊரைப் பற்றிக் கவலையாக இருந்தால் ஊரை நீக்கிவிடுங்கள். இவ்வளவுதான். ஏன் இது ஆபத்து என்று நான் மறுபடி எழுதினேன். யார் உங்களைத் தேடப்போகிறார்கள் என்று வேறொருவர் சிரிப்புக்குறி போட்டார். ஊரை நீக்கினேன். அட்டையில் அது நீங்கியதா என்று பார்த்தேன், நீங்கியிருந்தது. அதோடு நிம்மதியாகிவிட்டேன்.

அந்தத் தளத்து ஆட்கள் ஊருக்கு ஊர் கூடுவார்கள். மைசூருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஓட்டல் மாடியறையில் சந்திப்பு. வருகிறேன் என்று தளத்தில் பதிவு செய்திருந்தேன். அறையில் பெரும்பாலும் இளைஞர்கள். ஓரமாக ஒரு பெரிய எவர்சில்வர் கேனில் காப்பி. ஏற்பாடு செய்தவர் பிரசன்னா என்ற மைசூருக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, என் குறையை மூடிய தன்னார்வலர் அவர்தான்.

"ஓ, அந்தக் கார்டு பக் ஹாக்கித்து நீவேனா?" என்று சிரித்தார். "அது டிசைனே ஹாகெ இரோது ரீ."

அந்த அட்டைக் குறையை எழுதியது நீங்களா, அதன் வடிவமைப்பே அப்படித்தான் என்கிறார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கதவு திறந்தது.

"கௌசி."

மைசூருவில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை. திரும்புவதற்குள் என் பின்னல் என் கணவர் கையில் சுருண்டிருந்தது. மேசை விளிம்பில் என் வாய் மோதியது. நாக்கில் உப்பும் ஏதோ கெட்டியான துண்டும் தட்டுப்பட்டன. அது என் பல். "சஹனான்னு பேரு வெச்சுக்கிட்டயாடீ? ஆரு வெச்ச பேரு? இவனா? அவனா?" என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒருமுறை என் தலையை மேசையில் இடித்தார். எழுந்து வந்த இளைஞர்களைப் பார்த்து, சாதாரணக் குரலில், மரியாதையாக, "தம்பி, நீங்க தலையிடாதீங்க. எம் பொண்டாட்டி. இது குடும்ப விசயம்," என்றார்.

குடும்பம் என்ற சொல் தமிழிலும் இருக்கிறது, கன்னடத்திலும் இருக்கிறது. அந்த ஒரு சொல் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. "ஃபேமிலி மேட்டர் கணோ," என்று யாரோ சொன்னார். நீண்டிருந்த கைகள் பின்வாங்கின. படித்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். என்னைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டு என் ரத்தம் தரையில் விழுவதைப் பார்த்தார்கள். என் கணவர் என்னைக் கதவு வரைக்கும் முடியைப் பிடித்தே இழுத்துப் போனார். காதுத் தோடு எதிலோ மாட்டிக் காதைக் கிழித்தது. அத்தனை மாதம் கற்ற கன்னடம் முழுவதும் மறந்துபோய், "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று தமிழிலேயே கத்தினேன்.

பிரசன்னாதான் முதலில் பாய்ந்தார். பின்னாலிருந்து என் கணவரின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். என் கணவர் ஒரு இரும்பு நாற்காலியை மடித்து அவர் மணிக்கட்டில் இறக்கினார். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். என் முடியிலிருந்து பிடி விட்டுப்போன அந்த நேரத்தில் நான் தவழ்ந்து போய்க் காப்பிக் கேனைத் தூக்கி, மூடியோடு என் கணவர் முகத்தில் அடித்தேன். மூடி தெறித்து, கொதிக்கும் காப்பி கன்னத்திலும் கழுத்திலும் வழிந்தது. அவர் அலறினார். அந்த அலறலைக் கேட்டபோது எனக்குப் பயமோ பரிதாபமோ வரவில்லை. மறுபடி அடித்தேன். கேன் நசுங்கும்வரை அடித்தேன். பிறகு எல்லோரும் சேர்ந்து அவர் மேல் விழுந்து அமுக்கினார்கள். என்னிடமிருந்து கேனைப் பிடுங்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி வாக்குமூலம் எழுதினார். உதடு வீங்கி, சொற்கள் கொழகொழவென்று வந்தன. "அவ்ரு ஹொடெத்ரு," என்றேன். அவர் அடித்தார் என்று சொன்னதாக நினைப்பு.

"எஷ்டு ஜன?" என்று கேட்டார். எத்தனை பேர்?

"ஒப்பரே, மேடம்." ஒருவர்தான்.

கன்னடத்தில் 'அவ்ரு' என்றால் பலர் என்றும் எடுத்துக்கொள்ளலாம், மரியாதைக்குரிய ஒருவர் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் பலர் என்று நினைத்திருக்கிறார். புரிந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என் கிழிந்த காதைப் பார்த்தார்.

"ஹொடெதவன்ன அவ்ரு அந்தீயா? அவனு அன்னு."

அடித்தவனை அவர் என்றா சொல்கிறாய், அவன் என்று சொல். தமிழில் அந்தச் சொல்லைப் புருஷனுக்குச் சொல்ல என் வாய் பழகியதே இல்லை. கன்னடத்தில் அதைச் சொல்ல எந்த மாமியாரும் குறுக்கே நிற்கவில்லை. "அவனு ஹொடெத," என்றேன். இன்னொரு முறை, யாரும் கேட்காமலே, "அவனு ஹொடெத". அன்றிலிருந்து தமிழிலும் அவன்தான்.

அவனுடைய கைபேசியை அந்த அதிகாரி எனக்குக் காட்டினார். திரையில் அந்த அட்டை அப்படியே இருந்தது. ஊர் போயிருந்தது. ஆனால் அதன் கீழே, நான் பார்த்தபோது இல்லாத ஒரு வரி: மைசூரு சந்திப்புக்கு வருகிறார். நாளும் நேரமும் ஓட்டலின் முகவரியும். நான் சந்திப்புக்குப் பதிவு செய்தபிறகு அது தானாக வந்து சேர்ந்திருக்கிறது. கௌசல்யா என்று தேடி, ஒரு பழைய நன்றியைத் தொட்டிருக்கிறான். அவ்வளவு சுலபமாக என் கழுத்துக்கு வந்துவிட்டான்.

சில நாள் கழித்துப் பிரசன்னா ஜெயம்மா வீட்டுக்கு வந்தார். கையில் மாவுக்கட்டு. வாசலிலேயே நின்று, "ஸாரி ரீ," என்றார். மறுபடி அதையே சொன்னார். பிறகு, "நானே ரீஓப்பன் மாடித்தீனி. ஆதரெ நீவே பரீரி," என்றார். மூடியதைத் திறந்துவிட்டேன், ஆனால் எழுதவேண்டியது நீங்கள்தான். ஜெயம்மா அவரை உட்காரவைத்து, "நன்கே பரெயோகெ பந்தித்ரெ நானே பரீத்தித்தே," என்றார். எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் நானே எழுதியிருப்பேன் என்று.

குறை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. என்ன செய்தால் அது தெரியும், என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தது. நான் அந்த முறையில்தான் எழுதினேன். பெயரை மாற்றுங்கள். பழைய பெயரைத் தொடுங்கள். நடக்கவேண்டியது: ஒன்றும் தெரியக்கூடாது. நடந்தது: ஒரு பல், ஒரு காது, ஒரு தன்னார்வலரின் மணிக்கட்டு. கூடவே ஒரு யோசனையும் எழுதினேன். பெயர் மாற்றுகிறவரிடம், பழைய பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடட்டுமா என்று தளமே கேட்கவேண்டும்.

அன்று முழுவதும் பதில்களில் எனக்கு அடி விழுந்துகொண்டே இருந்தது. ஆதாரம் எங்கே என்றார்கள். வீட்டுச் சண்டையை இங்கே கொண்டுவராதே என்றார்கள். புதுக் கணக்குத் தொடங்கியிருக்கலாமே, புள்ளிக்கு ஆசைப்பட்டவள்தானே என்று ஒருவன் எழுதினான். அதைப் படித்துக் கைபேசியைச் சுவரில் எறியப் போனேன். கீழே இன்னொரு வரி வந்தது. பெயர் சொல்லாமல் புதுக் கணக்கில் வந்த ஒரு பெண். தானும் இப்படி ஒருவனிடமிருந்து ஒளிந்திருப்பதாகவும், அட்டை வந்த அன்றே தன் கணக்கை அழித்துவிட்டதாகவும், ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாள். அவளுக்குப் பின் வேறு சிலர். அந்த வாரத்திலேயே அட்டையை எடுத்தார்கள். என் யோசனை நடைமுறைக்கு வர இன்னும் சில மாதங்கள் ஆயின. "சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் சோதித்தேன். தளம் கேட்டது, ஆம் என்றேன், கௌசல்யா எல்லா இடத்திலிருந்தும் போய்விட்டாள். வேலை சரியாக நடந்திருந்தது. ஆனாலும், ஒரு காலத்தில் எனக்கு வந்த நன்றிகளெல்லாம் இப்போது வேறு யாருக்கோ வந்தவை மாதிரி இருந்தன.

வழக்கு மைசூருவில் நடக்கிறது. அவன் ஜாமீனில் ஊரில் இருக்கிறான். இதற்கிடையில் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா கைபேசியில் கூப்பிட்டார். "நீ வராத சாமி. மாப்பிள்ளையும் வருவாரு, பெரியவங்க சொல்லிக் கூப்பிட்டுப் போட்டோம். ஒரு கலியாணமாவது நல்லபடியா நடக்கட்டும்." என்னை அடித்தவனை மாப்பிள்ளை என்றுதான் இன்னமும் சொல்கிறார்.

கவிதா விடவில்லை. தோழியின் கைபேசி வழியாக எனக்குக் கல்யாணத்தைக் காட்ட ஏற்பாடு செய்தாள். விடிந்ததும் நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தேன். என் பக்கத்துக் கேமராவை அணைத்துவைத்திருந்தேன். ஜெயம்மாவும் குளித்து, தலைவாரி, மஞ்சள் தடவிய அட்சதையோடு மேலே வந்துவிட்டார். கூரைச்சேலையில் கவிதா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கைபேசி பிடித்திருந்த பெண் ஒருமுறை கூட்டத்தைச் சுற்றிக் காட்டினாள். முன்வரிசையில் அவன். கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. அப்பா அவன் தோளில் கைபோட்டு நின்றிருந்தார்.

கெட்டிமேளம் எழுந்தது. அங்கே எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவன் கையும் உயர்ந்தது. "ஹாகு, ஹாகு, போடம்மா," என்று ஜெயம்மா என்னை உலுக்கினார். நானும் வீசினேன், அவரும் வீசினார். அங்கே அரிசி கவிதாவின் தலையில் மழையாக விழுந்தது. இங்கே திரையில் பட்டுத் தெறித்து, விசைகளின் மேல் உருண்டது. அவள் நிமிர்ந்து ஒரு நொடி கைபேசியைப் பார்த்தாள். என் முகம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் பார்த்தாள்.

எல்லாம் முடிந்தபிறகு மடிக்கணினியைக் கவிழ்த்துத் தட்டினேன். சில அரிசி மணிகள் ஜெயம்மாவின் உள்ளங்கையில் விழுந்தன. சில உள்ளேயே தங்கிவிட்டன.